பிரான்சின் திராட்சைத் தோட்டத்தில் ஒரு கொலை: மர்மக்கதை எழுத முழுமையான வழிகாட்டி

பிரான்சின் ஒயின் நாட்டை வைத்துக் கொலைக்கதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள்: பழைய மாளிகை, இருண்ட நிலவறை, விஷம் கலந்த கோப்பை. படிக்கச் சுவையாக இருக்கலாம். ஆனால் அந்தக் கதையை அப்படியே தூக்கி ஸ்காட்லாந்தில் வைத்தாலும் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்காது. அப்படியானால் ஒயின் எதற்கு?

கொலைக்கான காரணம், கொலை நடக்கும் விதம், கொலையாளி மாட்டிக்கொள்ளும் வழி, இந்த மூன்றும் திராட்சைத் தொழிலுக்குள்ளிருந்தே வர வேண்டும். இந்த வழிகாட்டியில் நான் வற்புறுத்துவது இதைத்தான். விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கதையையும் கூடவே கட்டிக்கொண்டு போகிறேன். அதில் மூன்று பேர்: தோட்டத்தை நடத்தும் அண்ணன், பாரிஸில் வாழும் தங்கை, அண்ணனுக்குத் துணையாக விற்பனையைக் கவனிக்கும் தம்பி.

படி 1: ஊரை முடிவு செய்யுங்கள்

போர்தோ என்றால் பெரிய எஸ்டேட்டுகள், 1855-ல் போட்ட தரவரிசை, வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் உரிமையாளர்கள். அங்கே கொலை இயக்குநர் குழுக் கூட்டத்தைச் சுற்றி நடக்கும். ஷாம்பெய்ன் என்றால் ரேம்ஸ் நகரத்துக்கு அடியில் பழைய காலத்துச் சுண்ணாம்புச் சுரங்கங்கள், பெரிய கம்பெனிகள், அவர்களுக்குத் திராட்சை விற்கும் சிறு விவசாயிகள். இரண்டிலும் நல்ல கதை உண்டு. ஆனாலும் முதல் நாவலுக்கு நான் பர்கண்டியைத்தான் சொல்வேன்.

டிஜோன் நகரத்துக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மலைச்சரிவு போகிறது. அதன் நடுவில் போன் நகரம். இந்தச் சரிவை 1,200-க்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2015-ல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சரிவின் நடுப்பகுதி மண்தான் உச்சம்; அதற்குக் கிராண்ட் க்ரூ என்ற மிக உயர்ந்த தகுதி. கீழே இறங்க இறங்க மதிப்பு குறையும். டி974 சாலையைத் தாண்டிவிட்டால் சாதாரண ஒயின்தான். அதே கிராமம், அதே பினோ நுவார் திராட்சை, நடந்துபோகும் தூரம். ஆனால் விலை பல மடங்கு வித்தியாசம். மர்மக்கதைக்காரருக்கு இதைவிட நல்ல நிலப்படம் கிடைக்காது.

ஒரு பெரிய தாளில் உங்கள் கிராமத்தை வரையுங்கள். வோன் ரொமானே, நுயி சேன் ஜார்ஜ் போன்ற நிஜ ஊர்களுக்கு நடுவில் ஒரு கற்பனைக் கிராமத்தைச் செருகுங்கள். நிஜ ஊரின் பெயரை வைத்தால் அங்குள்ள ஏதாவது ஒரு நிஜக் குடும்பத்தின் மேல் பழி விழும். யாருடைய துண்டு எங்கே, தேவாலயம் எங்கே, சாலை எங்கே, ஒயின் நொதிக்கும் தொட்டிக்கூடத்திலிருந்து தோட்டத்துக்கு நடக்க எத்தனை நிமிஷம், எல்லாம் அந்தத் தாளில் இருக்கட்டும்.

படி 2: காரணத்தை மண்ணில் தேடுங்கள்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பர்கண்டியின் கதை முழுக்கப் பாகப்பிரிவினைக் கதைதான்.

குளோ த வூழோ என்ற மதில் சூழ்ந்த தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 12-ஆம் நூற்றாண்டிலிருந்து சிஸ்டர்சியத் துறவிகள் உருவாக்கியது. சுமார் 50 ஹெக்டேர், ஒரே உரிமையாளர். பிரெஞ்சுப் புரட்சியில் தேவாலயச் சொத்துகள் பறிமுதலாகி விற்கப்பட்டன. 1804-ல் வந்த நெப்போலியன் சட்டம் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு என்றது. இன்று அதே மதிலுக்குள் சுமார் 80 உரிமையாளர்கள் இருக்கிறார்கள். சிலருக்குச் சொந்தம் சில வரிசைச் செடிகள் மட்டுமே.

கதைக்குப் பயன்படும் சட்டங்கள் நான்கு. முதலாவது, தகப்பன் நினைத்தாலும் பிள்ளையை முழுசாக ஒதுக்க முடியாது. ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றும் அதற்கு மேலும் என்றால் முக்கால் பங்கு பிள்ளைகளுக்கே. மீதியைத்தான் அவர் விருப்பப்படி எழுதலாம். இரண்டாவது, கூட்டுச் சொத்தில் யாரையும் கட்டாயப்படுத்தி வைத்திருக்க முடியாது. வாரிசுகளில் ஒருவர் "பிரி" என்றால் பிரித்தாக வேண்டும். மூன்றாவது, வாரிசு வரி பிள்ளைகளுக்கே உச்சத்தில் 45 சதவீதம் வரை போகும். நான்காவது, சொத்துக்குரியவரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர் அவரிடமிருந்து வாரிசுரிமையை இழப்பார். ஆகவே சொத்துக்காகக் கொல்கிறவருக்கு அது விபத்தாகத் தெரிய வேண்டிய கட்டாயம் உண்டு.

நிலத்தின் விலையையும் மனதில் வையுங்கள். இந்தச் சரிவில் கிராண்ட் க்ரூ நிலம் சராசரியாக ஹெக்டேருக்கு 60 லட்சம் யூரோவைத் தாண்டிவிட்டது. அங்குள்ளவர்கள் இன்னும் ஊவ்ரே என்ற பழைய அளவில்தான் பேசுகிறார்கள். ஓர் ஆள் ஒரு நாளில் கொத்தி முடிக்கும் நிலம் அது. 428 சதுர மீட்டர், நம் கணக்கில் பத்தரை சென்ட். ஓர் ஊவ்ரேயின் விலை இரண்டரை லட்சம் யூரோவுக்கு மேல்.

நம் கதைக்கு வருவோம். அப்பா இறந்துவிட்டார். குடும்பத்துக்குச் சரிவின் நடுவில் ஆறு ஊவ்ரே கிராண்ட் க்ரூ, சாலைக்குக் கீழே கொஞ்சம் சாதாரண நிலம். பாரிஸ் தங்கை தன் பங்கை விற்கச் சொல்கிறாள். அண்ணன் மறுக்கிறார். சொத்தைப் பிரிக்கும் நோட்டரி, நிலவறையில் இருக்கும் சரக்கைப் பீப்பாய் பீப்பாயாக எண்ணிப் பட்டியல் கேட்கிறார். வாசகர் தங்கையைச் சந்தேகிப்பார். உண்மையான ஆபத்து அந்தப் பட்டியலில் இருக்கிறது. அது எப்படி என்று துப்புகளுக்கு வரும்போது சொல்கிறேன்.

நிலத்தைத் தவிர வேறு பகைகளும் உண்டு. திராட்சைச் செடியை மஞ்சளாக்கிக் கொல்லும் ஃபிளாவசான்ஸ் டோரே என்ற நோய் ஒரு பூச்சியால் பரவுகிறது. அரசு மருந்தடிக்கச் சொன்னபோது போன் பகுதியில் இயற்கை முறை விவசாயி ஒருவர் மறுத்துவிட்டார். 2014-ல் வழக்காகி அபராதம் விழுந்தது, அதே வருஷக் கடைசியில் மேல்முறையீட்டில் விடுதலையானார். பக்கத்து நிலத்துக்காரருக்கு இது வாழ்வா சாவா என்ற பிரச்சினை. இன்னொன்று நேரடிக் குற்றமே: 2010 தொடக்கத்தில், உலகின் மிக விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்று விளையும் ரொமானே கோந்தி தோட்டத்தின் செடிகளுக்கு விஷம் வைத்துவிட்டதாக மிரட்டிப் பத்து லட்சம் யூரோ கேட்டார்கள். பணம் வாங்க வந்த ஆள் பக்கத்துக் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் பிடிபட்டார். அந்த ஊரில் செடியைத் தொட்டாலே உயிரைத் தொட்ட மாதிரி. உங்கள் பாத்திரங்களும் அப்படித்தான் எண்ண வேண்டும்.

படி 3: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஜனவரி முதல் மார்ச் வரை கவாத்து. வெட்டிய குச்சிகளைத் தோட்டத்திலேயே, இரும்புப் பீப்பாயைப் பிளந்து செய்த தள்ளுவண்டியில் போட்டு எரிப்பார்கள். தடயத்தை எரிக்கிறவனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஏப்ரலில் உறைபனி. 2021 ஏப்ரலில் அடித்த பனி அந்த வட்டாரத்தின் மொட்டுகளைக் கருக்கிவிட்டது. அந்த மாதிரி இரவுகளில் விவசாயிகள் வரிசைகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கான பெரிய மெழுகு வாளிகளை ஏற்றிவைத்து விடியும்வரை காவல் இருப்பார்கள். அதிகாலை மூன்று மணிக்கு மொத்த ஊரும் விழித்திருக்கிறது, ஆனால் புகையில் யார் முகமும் தெரியவில்லை. கொலைக்காட்சிக்கு எனக்கு மிகவும் பிடித்த இரவு இதுதான்.

செப்டம்பரில் அறுவடை. வெளியூர் ஆட்கள் கூட்டமாக வந்து தங்குவார்கள், ஊரில் அந்நியர் நிறைந்திருப்பார்கள். அக்டோபர் வரை தொட்டிகளில் நொதித்தல். நவம்பர் மூன்றாம் ஞாயிறு, 1443-ல் நிறுவப்பட்ட போன் தருமமருத்துவமனை நடத்தும் ஒயின் ஏலம்; ஏலம் 1859-லிருந்து நடக்கிறது. முதல் நாள் சனிக்கிழமை வூழோ மாளிகையில் விருந்து, மறுநாள் ஏலம், திங்களன்று மெர்சோ கிராமத்தில் ஆளுக்கொரு புட்டி கொண்டுவரும் பெரிய மதியச் சாப்பாடு. சந்தேகத்துக்குரிய எல்லோரையும் மூன்று நாள் ஓரிடத்தில் கூட்ட எழுத்தாளர் தனியாகச் சிரமப்பட வேண்டியதில்லை.

நம் கதைக்கு நான் எடுப்பது செப்டம்பர் இறுதி. கொலை நொதித்தலின்போது நடக்கும். முடிச்சு தொட்டி காலியாகும்போது அவிழும்.

படி 4: மரணம்

விஷம்தான் முதலில் நினைவுக்கு வரும். திராட்சைக் கொடியின் தண்டு நோய்க்குச் சோடியம் ஆர்சனைட் அடிப்பது பிரான்சில் 2001 வரை வழக்கத்தில் இருந்தது. அதற்குப் பிறகு தடை. பழைய கொட்டகையின் மூலையில் துருப்பிடித்த டப்பா ஒன்று இருப்பது நம்பக்கூடியதே. ஆனால் ஆர்சனிக்கைக் கண்டுபிடிக்கும் சோதனை 1836-லேயே வந்துவிட்டது. இன்றைய ஆய்வகத்திடம் அது ஒரு நாள்கூடத் தாங்காது. அந்த டப்பாவைத் திசைதிருப்ப மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிலின் உண்மையான ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. ஒரு லிட்டர் திராட்சைச் சாறு நொதித்து முடிவதற்குள் சுமார் 50 லிட்டர் கரியமில வாயுவை விடுகிறது. காற்றைவிடக் கனமான வாயு. தரையை ஒட்டியும் தொட்டிக்குள்ளும் தேங்கும். சிவப்பு ஒயினில் தோல்கள் மேலே மிதந்து தடித்த படலமாக நிற்கும். நாளுக்கு ஓரிரு முறை அதை உள்ளே அமுக்கிவிட வேண்டும். அந்தக் காலத்தில் ஆட்கள் தொட்டிக்குள் இறங்கி மிதித்தே செய்தார்கள்; மயங்கி விழுந்து இறந்தவர்கள் உண்டு. அதனால்தான் மெழுகுவர்த்தி ஏந்திப் போகும் பழக்கம் வந்தது; வாயு தேங்கிய இடத்தில் சுடர் அணைந்துவிடும். இன்று காற்றோட்ட விசிறியும் வாயு அளக்கும் கருவியும் இருக்கின்றன.

நம் அண்ணன் விசிறிச் சத்தத்தை நம்பியே பல வருஷம் வேலை செய்தவர். அன்று காலை கேட்ட உறுமல் விசிறியுடையது இல்லை, பக்கத்தில் ஓடிய பம்புடையது. அவ்வளவுதான். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மரணத்தை ஒரு பக்கத்தில் முடித்துவிட்டு, அந்தச் சத்தம் நின்றபின் வந்த அமைதியை யார் முதலில் கவனித்தார் என்று எழுதுங்கள்.

படி 5: துப்புகளைத் தொழிலிலிருந்து எடுங்கள்

கதையின் இதயம் இதுதான். துப்பு ஒவ்வொன்றும் வாசகர் முன்னால் வெளிப்படையாகக் கிடக்க வேண்டும். அதன் பொருள் மட்டும் கடைசியில் புரிய வேண்டும்.

*சட்டைக் கறை.* தம்பி, தான் காலை முழுக்கத் தோட்டத்தில் ஆட்களோடு பழம் பறித்ததாகச் சொல்கிறான். அவன் சட்டைக் கை முழங்கை வரை அடர்ந்த ஊதா. ஒயின் ஊரில் யார் சட்டையில்தான் கறை இல்லை என்று வாசகர் கடந்துவிடுவார். ஆனால் பினோ நுவார் பழத்தின் சதை நிறமற்றது. அப்போது நசுங்கிய பழத்தின் சாறு அடர்ந்த நிறம் தராது. தோலோடு சாறு சில நாள் ஊறினால்தான் அந்த ஊதா வரும். ஆக, அவன் கை தொட்டிக்குள் போயிருக்கிறது. இந்த உண்மையை மூன்றாம் அத்தியாயத்திலேயே, அறுவடைக்கு வந்த ஒரு கல்லூரிப் பெண் பழத்தைப் பிதுக்கிப் பார்த்து வியப்பதாகப் போகிற போக்கில் சொல்லிவிடுங்கள். அப்புறம் வாசகர் உங்களைக் குறை சொல்ல முடியாது.

*பீப்பாய்க் கணக்கு.* கிராண்ட் க்ரூ சிவப்பு ஒயினுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 35 ஹெக்டோலிட்டர் (ஒரு ஹெக்டோலிட்டர் 100 லிட்டர்) என்று விளைச்சலுக்கு வரம்பு உண்டு. ஆறு ஊவ்ரே என்பது கால் ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் வருஷத்துக்கு 900 லிட்டர். பர்கண்டிப் பீப்பாய் 228 லிட்டர் பிடிக்கும், நாலு பீப்பாய். புட்டியில் அடைத்தால் 1,200. அவ்வளவுதான், கடவுளே வந்தாலும் கூட்ட முடியாது. ஆனால் அச்சகத்தின் ரசீது 1,800 லேபிள் என்கிறது. மீதி 600 புட்டியில் என்ன இருந்தது? சாலைக்குக் கீழே விளைந்த ஒயின். தம்பி வருஷக்கணக்காகச் செய்துவந்த வேலை இதுதான். நோட்டரி கேட்ட பட்டியலுக்காக அண்ணன் பீப்பாய்களை எண்ணிப் பார்த்ததும் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

இந்தக் கணக்கை உங்கள் துப்பறிபவர் ஒரு காகித உறையின் பின்புறம் போட்டுப் பார்க்கட்டும். வாசகரும் கூடவே போடுவார். நிஜத்திலும் இப்படித்தான் பிடிபடுகிறார்கள். 2008-ல் நியூயார்க் ஏலம் ஒன்றுக்கு பொன்சோ குடும்பத்தின் குளோ சேன் தெனி ஒயின் என்று 1945 முதல் 1971 வரையிலான புட்டிகள் வந்தன. லொரான் பொன்சோ நேரில் போய் நிறுத்தினார். அவர் குடும்பம் அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1982-ல். அந்தப் புட்டிகளை ஏலத்துக்கு விட்ட ரூடி குர்னியவானுக்கு 2014-ல் பத்து வருஷச் சிறைத்தண்டனை கிடைத்தது.

*காணாமல் போன நோட்டு.* அண்ணன் எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும் நிலவறை நோட்டு சடலத்தோடு இல்லை. ஈரமான இடம் என்பதால் மையில் எழுதாமல் பென்சிலில்தான் எழுதுவார். தம்பி அதைத் தொட்டிக்குள் போட்டுத் தோல் படலத்துக்கு அடியில் கையால் அமுக்கினான்; கறை வந்தது அப்படித்தான். இனி அதை எடுக்க வழியில்லை. தொட்டிக்கூடத்தில் எந்நேரமும் ஆட்கள். ஒயின் தன் காலக்கெடுவில்தான் முடியும். இரண்டு மூன்று வாரம் கழித்துத் தொட்டியைத் திறந்து தோல்களை அள்ளும்போது நோட்டு மண்வெட்டியில் ஏறும். பென்சில் எழுத்து அழிந்திருக்காது. அதுவரை கொலையாளி தினமும் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். பதற்றம் தானாக ஏறும்.

படி 6: யார் விசாரிப்பார்?

கிராமப்புறத்தில் விசாரணை ழாந்தார்மெரி கையில். காவல் பணி செய்யும் ராணுவ அமைப்பு, 2009-லிருந்து உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. ஊர்ப் பிரிவு அதிகாரிக்கு எல்லாக் குடும்பத்தையும் தெரியும். சிக்கல் பெரிதானால் டிஜோனிலிருந்து புலனாய்வுப் பிரிவு வரும். தொடக்க விசாரணையை நடத்துவது அரசு வழக்கறிஞர். கொலை என்று ஆகிவிட்டால் விசாரணை நீதிபதி ஒருவர் கட்டாயம் பொறுப்பேற்பார். அவர் சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரிக்கலாம், சோதனைக்கு உத்தரவிடலாம். நம் ஊர் சினிமா இன்ஸ்பெக்டர் போல ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்வதாக எழுதினால் பிரான்ஸ் கெட்டுவிடும்.

சந்தேகத்தின் பேரில் ஒருவரைப் பிடித்தால் 24 மணி நேரம், நீட்டித்தால் இன்னொரு 24. முதல் நிமிஷத்திலிருந்தே வழக்கறிஞர் கேட்கலாம். அறைந்து வாக்குமூலம் வாங்கும் காட்சிக்கு இடமில்லை. இந்த 48 மணி நேரக் கடிகாரம் அதைவிட நல்ல கருவி. மரண தண்டனை 1981-லேயே ஒழிந்தது. திட்டமிட்ட கொலைக்கு ஆயுள்.

அந்த அதிகாரிக்கு ஒயின் தெரியாமல் இருப்பது நல்லது. வடக்கே வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பெண் அதிகாரி என்று வையுங்கள். அவர் கேட்கும் கேள்விகள்தான் வாசகர் கேட்பவை. கதாநாயகர் தமிழராக இருந்தே ஆக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். அந்த மண்ணின் மனிதர்களை உள்ளிருந்து எழுத உங்களால் முடியும்.

படி 7: மற்ற சந்தேக முகங்கள்

மூன்று பேர் போதும். பாரிஸ் தங்கைக்குப் பணத்தேவை. கொலையன்று ஊரில் இருந்ததை மறைக்கிறாள், ஏனென்றால் நிலம் வாங்க வந்தவரை ரகசியமாகச் சந்தித்தாள். மருந்தடிக்க மறுக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கு அண்ணனோடு வழக்கு. கொட்டகையில் ஆர்சனிக் டப்பா வைத்திருக்கும் கிழவர், அண்ணனை வளர்த்த நிலவறைத் தொழிலாளி. ஒவ்வொருவரும் ஒரு பொய் சொல்ல வேண்டும், அந்தப் பொய்க்குச் சொந்தக் காரணம் இருக்க வேண்டும். பொது இடத்தில் ஒருவரை ஒருவர் "நீங்கள்" என்று அழைக்கும் தங்கையும் நிலம் வாங்க வந்தவரும் ஒருமுறை "நீ" என்று நழுவட்டும். தமிழில் இதை அழகாக எழுதலாம்.

படி 8: அவிழ்ப்பும் திருத்தமும்

எல்லோரையும் வரவேற்பறையில் உட்காரவைத்து அதிகாரி சொற்பொழிவு ஆற்றும் முடிவை விடுங்கள். தொட்டி காலியாகும் காலையை எழுதுங்கள். கதவு திறக்கிறது, ஒருவர் உள்ளே இறங்கித் தோல்களை அள்ளி அள்ளி வெளியே தள்ளுகிறார், பிழியும் இயந்திரம் காத்திருக்கிறது. தம்பி தானே உள்ளே இறங்குவதாக முன்வருகிறான், இரண்டு முறை. அதிகாரி அப்போதுதான் அவன் சட்டைக் கையை நினைத்துப் பார்க்கிறார்.

முதல் பிரதி முடிந்ததும் மொழியழகைத் தொடாதீர்கள். முதலில் கணக்குகளை மட்டும் சரிபாருங்கள்: அறுவடை தொடங்கிய தேதியிலிருந்து தொட்டி திறக்கும் தேதிவரை எத்தனை நாள், அதற்குள் எத்தனை முறை தோலை அமுக்கினார்கள், ஒவ்வொரு முறையும் பக்கத்தில் யார் இருந்தார், நோட்டு யாருக்காவது தட்டுப்பட்டிருக்க முடியுமா. அடுத்து பீப்பாய், புட்டி, லேபிள் எண்கள். கடைசியாக, தொட்டிக்கூடத்திலிருந்து தோட்டத்துக்கு நீங்கள் தாளில் எழுதிவைத்த நிமிஷங்கள். இந்த மூன்றும் பொருந்தவில்லை என்றால் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய்த் தேதியை மாற்றுங்கள். துப்பை மாற்ற வேண்டாம்.